அனாதை என்று யாரைச் சொல்வோம்?

(யூபிலி விழாவின் இரண்டாம் நாள் மாலை நடைபெற்ற பங்கு மக்கள் பொதுக்கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எனக்குத் தந்திருக்கும் தலைப்பு "குழந்தை நலப் பணியில் என் அனுபவங்கள்" என்பதாகும். பங்குப் பணிக்கு வருமுன் 2003 முதல் 2014 வரை, பதினோரு ஆண்டுகள், ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு நான் பொறுப்பாளனாக இருந்தேன். அந்த ஊரில் என் பெயரையே மறந்துவிட்டார்கள். "மேனேஜர் சாமி" என்றால்தான் தெரியும். அந்த நாட்களின் இனிய நினைவுகள் இரண்டைச் சொல்லி, வாழ்த்துக் கூறி, பதினைந்து நிமிடத்தில் இறங்கிவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன்.

ஆனால் சென்ற மாதம் பேரவைக் கூட்டத்தில் ஒரு யோசனை எழுந்தது உங்களுக்குத் தெரியும். யூபிலியின் நினைவாகக் கோயில் நிலத்தில் ஐம்பது பிள்ளைகள் தங்குமளவுக்கு ஓர் அனாதை இல்லம் எழுப்புவோம் என்றார்கள். வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம் பங்குப் பிள்ளைகள் பெருந்தொகை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கட்டிடத்துக்கு 40 லட்சம் ரூபாய் என்று மதிப்பும் போட்டாயிற்று. நல்ல இதயங்களில் பிறந்த யோசனை இது. அன்று நான் வாய் திறக்கவில்லை. "யூபிலிக் கூட்டத்தில் என் கருத்தைச் சொல்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். இன்று சொல்கிறேன். அந்த இல்லத்தைக் கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து.

கோபப்படாமல் கேளுங்கள். என் அனுபவத்தையும், அதில் நான் செய்த தவறுகளையும் உங்கள் முன் வைக்கிறேன். அதன்பின் நீங்களே தீர்மானியுங்கள்.

நம் பகுதியில் அனாதை இல்லம் என்றதும் நினைவுக்கு வருவது முளகுமூடு. பெல்ஜியம் நாட்டில் ஈப்பர் என்ற நகரில் அகுஸ்தினார் மடத்துக் கன்னியாக இருந்தவர் அன்னை மரிய லூயிஸ் தெ மீஸ்டர். 1857-ல் பிறந்தவர். இங்கே அனாதைப் பிள்ளைகளைப் பராமரிக்கக் கன்னியர் வேண்டும் என்று வேண்டுகோள் போனபோது, நாற்பது வயதில் மடத்தின் மதிலை விட்டுக் கப்பலேறி 1897-ல் முளகுமூட்டுக்கு வந்து சேர்ந்தார். மொழி தெரியாது, வெயில் பழக்கமில்லை. கைவிடப்பட்ட பிள்ளைகளை அணைத்துக்கொண்டார். பின்னாளில் ஐ.சி.எம். சபை என்ற பெயரோடு உலகின் பல நாடுகளுக்குப் பரவிய கன்னியர் சபை, நம் முளகுமூட்டு மண்ணில்தான் முளைவிட்டது. 1928-ல் அன்னை இறைவனடி சேர்ந்தார்.

அந்தப் பெருமை நமக்கு என்றும் உண்டு. ஆனால் அன்றைய நிலையை எண்ணிப் பாருங்கள். வாந்திபேதி வந்தால் ஒரே வாரத்தில் ஒரு வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் மண்ணுக்குள் போய்விடுவார்கள். நம் பகுதி திருவிதாங்கூர் மன்னராட்சியில் இருந்தது. ஏழைப் பிள்ளைக்கு அரசாங்கத்தின் கஞ்சி இல்லை. நம் நெய்யூரில் லண்டன் மிஷனார் 1838-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி போன்ற இடங்கள் சிலவே. அந்தக் காலத்தில் அனாதை இல்லம் என்பது உயிரைக் காக்கும் கூரை. அது இல்லாவிட்டால் பிள்ளை செத்துப்போகும்.

அதோடு இன்னொன்றையும் கவனியுங்கள். முளகுமூட்டுக் கன்னியர் பெண்பிள்ளைகளுக்குச் சோறு போட்டதோடு நிற்கவில்லை. தையலும் லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார்கள். இந்தப் பெண் இங்கிருந்து வெளியே போனால் எப்படிப் பிழைப்பாள் என்ற கேள்வி அவர்களுக்கு அன்றே இருந்தது. பிள்ளை உள்ளே வரும் நாளிலேயே, அது வெளியே போகும் நாளை நினைத்தார்கள். இல்லம் நடத்துகிறவர்கள் அவர்களிடம் கற்க வேண்டிய பாடம் இதுவே.

இன்று காலம் மாறியிருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது, "போர்டிங்கில் சேர்த்தால் நேரத்துக்குச் சோறு கிட்டும்" என்பதற்காகவே பிள்ளைகளைக் கொண்டுவிடுவார்கள். 1956-ல் காமராசர் பள்ளிகளில் மதிய உணவை விரிவாகக் கொண்டுவந்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெருக்கினார். 2022-ல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டியும் வந்துவிட்டது. ரேஷன் கடையில் அரிசி இலவசம். சோற்றுக்காகவே பெற்ற பிள்ளையைப் பிரிய வேண்டிய கட்டாயம் பெருமளவு நீங்கிவிட்டது. ஆனாலும் பிள்ளைகள் இல்லங்களுக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். ஏன் வருகிறார்கள்? யார் அவர்கள்?

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். பெயரோ ஊரோ சொல்லமாட்டேன். இல்லத்துப் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்பது சட்டம். அதற்கு மேலாக, அது நாகரிகம்.

நான் பொறுப்பேற்ற முதல் ஆண்டு. ஆறு வயதுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு தாய் வந்தாள். தகப்பன் கேரளத்தில் கட்டிட வேலைக்குப் போன இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனான். "சாமி, நான் காலம்பற அண்டி ஆபீசுக்குப் போனா இருட்டின பொறவுதான் வருவேன். இவன யாரு பாக்கது? இவனுக்கு நேரத்துக்குக் கஞ்சி கிட்டினா போதும்" என்றாள். ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டேன், ரேஷன் அட்டையின் நகல் கேட்டேன், கையெழுத்து வாங்கினேன். பத்து நிமிடத்தில் சேர்க்கை முடிந்தது. அன்றிரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன். ஓர் அனாதையைக் காப்பாற்றிவிட்டேன் அல்லவா?

அந்தப் பையன் தூங்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் கேட்டுப் பக்கத்தில் போய் நிற்பான். "அம்மா இண்ணைக்கு வருவாளா, பாதர்?" என்பான். மாதத்துக்கு ஒருமுறைதான் அவளால் வர முடிந்தது. பஸ் கட்டணம் அப்படி. பிள்ளை இரவில் பாயை நனைக்கத் தொடங்கினான். மற்றப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். வார்டன் அதட்டினார். நான் அவனை டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் அவனைச் சோதித்துப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இவனுக்கு நோய் ஒன்றுமில்லை சாமி. இவனுக்கு அம்மா வேண்டும்" என்றார்.

அன்று மாலை கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த ஒரு பையனுக்கு மாதந்தோறும் அரிசி, பால், சோப்பு, விறகு, ஊழியர் சம்பளத்தில் அவன் பங்கு என்று நான் செலவழித்த தொகையைக் கூட்டினேன். பள்ளி விட்டபின் அவனைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கொடுக்கவும், நோட்டுப் புத்தகம் வாங்கவும் அந்தத் தாய்க்குத் தேவைப்பட்டது அதில் பாதிதான். அந்தப் பாதியைக் கொடுத்திருந்தால் அவன் தன் வீட்டில் தன் தாயின் பாயில் தூங்கியிருப்பான். நான் அவளிடம் எல்லாச் சான்றிதழும் கேட்டேன். "அம்மா, இவனை உன்னோடேயே வைத்துக்கொள்ள உனக்கு என்ன வேண்டும்?" என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை.

அந்தப் பையன் அனாதை அல்லன். தாய் இருந்தாள். அவனை அனாதை ஆக்கியது சாவு அல்ல, என் சேர்க்கைப் புத்தகம்.

அதன்பின் என் இல்லத்துப் பிள்ளைகளின் ஏடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். தாய் தகப்பன் இருவரும் இல்லாத பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தார்கள். இது என் இல்லத்துக் கதை மட்டும் அல்ல. உலகெங்கும் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார்கள் என்று இத்துறையில் உழைப்போர் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள்.

2004 டிசம்பர் 26-ஆம் நாளை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. குளச்சலிலும் மணக்குடியிலும் கடல் ஏறி வந்து உயிர்களை வாரிக்கொண்டு போயிற்று. நம் ஊர்க்காரர்கள் பலரும் சோற்றுப் பொட்டலங்களோடு ஓடினீர்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? நூற்றுக்கணக்கில் அனாதைகள் வருவார்கள் என்று எண்ணி, முப்பது பாயும் முப்பது தட்டும் வாங்கி அடுக்கி வைத்தேன். வெளியூரிலிருந்தும் பலர் வேனில் வந்து, "பிள்ளைகளைத் தாருங்கள், நாங்கள் வளர்க்கிறோம்" என்று கடற்கரையில் கேட்டார்கள். அரசு விழித்துக்கொண்டது. அனுமதியின்றி ஒரு பிள்ளையையும் யாரும் கொண்டுபோகக்கூடாது, தத்துக் கொடுக்கவும் கூடாது என்று தடை விதித்தது. அன்று அது கடுமையாகத் தோன்றிற்று. பிள்ளை பிடிக்கிறவனும் நல்லவனும் ஒரே வேனில் ஒரே மாதிரித்தான் வருவான் என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

அந்த முப்பது பாய்களில் நான்குதான் விரிக்கப்பட்டன. மற்றப் பிள்ளைகள் எங்கே போனார்கள்? சித்தி வீட்டுக்கு, மாமன் வீட்டுக்கு, பாட்டி மடிக்கு. தன் வீட்டையும் வள்ளத்தையும் வலையையும் இழந்து தற்காலிகக் கொட்டகையில் கிடந்த பாட்டி, தன் பேரனை நம்மிடம் தர மறுத்தாள். யாருமே இல்லாமல் போன பிள்ளைகளுக்கு நாகப்பட்டினத்து அன்னை சத்யா அரசு இல்லம் போன்ற இடங்கள் தேவைப்பட்டன. அவையும் நல்ல தொண்டு செய்தன. ஆனால் பெரும்பாலான பிள்ளைகளைக் காத்தது உறவு. பாயையும் தட்டையும் வாங்கிய பணத்தை அந்தப் பாட்டியிடம் கொடுத்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

இல்லப் பொறுப்பாளரின் வேலை என்ன என்று சிலர் கேட்பார்கள். காலை நாலரைக்குச் சமையற்காரர் வந்தாரா என்று பார்ப்பதில் தொடங்கும். யாருக்குக் காய்ச்சல், யார் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அழுகிறான், கக்கூசில் தண்ணீர் வருகிறதா, வார்டன் லீவு கேட்டால் இரவுக்கு யார் என்று ஓடும். வருகைப் பதிவேடு, இருப்புப் புத்தகம், பார்வையாளர் ஏடு, ஒவ்வொரு பிள்ளைக்கும் மருத்துவ அட்டை, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் எல்லாம் எழுத வேண்டும். குழந்தைகள் நலக்குழுவின் முன் பிள்ளையைக் கொண்டு நிறுத்த வேண்டும்.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இதைத் தெளிவாக வகுத்திருக்கிறது. ஆதரவற்ற நிலையில் ஒரு பிள்ளை கிடைத்தால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் கொண்டது அந்தக் குழு. பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அவர்கள்தான். நானும் அல்ல, நீங்களும் அல்ல. பதிவு பெறாமல் இல்லம் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டுமே. எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையை இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டமே அடிப்படைக் கொள்கையாகச் சொல்கிறது.

இந்தக் கண்டிப்பு எப்படி வந்தது? நம் தமிழ்நாட்டின் பெயரைத் தாங்கிய ஒரு வழக்கும் அதற்கு ஒரு காரணம். மாமல்லபுரத்துப் பக்கம் அனாதை இல்லங்களில் பிள்ளைகளுக்கு நேர்ந்த கொடுமை பற்றி 2007-ல் ஒரு நாளிதழில் வந்த செய்தியிலிருந்து உச்ச நீதிமன்றத்தில் அந்த வழக்கு எழுந்தது. பத்தாண்டு கழித்து 2017 மே மாதம் தீர்ப்பு வந்தது. நாட்டிலுள்ள எல்லா இல்லங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு பெற வேண்டும் என்று நீதிபதிகள் ஆணையிட்டார்கள். அனாதை இல்லம் என்று போர்டு வைத்தவர் எல்லாரும் அன்னை தெ மீஸ்டர் அல்லர் என்பதை அந்த வழக்கு ஊரறியச் செய்தது.

கெட்டவர்களை விடுங்கள். நல்லவர்கள் நடத்தும் நல்ல இல்லத்தையே எடுத்துக்கொள்வோம். மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகள், நூறு பிள்ளைகள் உள்ள இல்லத்துக்கு இல்லத்தாய்மார் நால்வர் என்று கணக்குச் சொல்கின்றன. ஒருத்திக்கு இருபத்தைந்து பிள்ளைகள்! இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களைக் கேட்கிறேன். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டே மாலையில் உங்கள் பொறுமை எங்கே போகிறது? ருமேனியா நாட்டில் 1989-க்குப்பின் இல்லங்களின் கதவு திறந்தபோது உலகமே அதிர்ந்தது. அங்கே இருந்த குழந்தைகளில் 136 பேரை ஆய்வாளர்கள் தேர்ந்து, சிலரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டு, சிலர் இல்லத்திலேயே வளர்ந்ததையும் கவனித்தார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகள் அறிவிலும் பேச்சிலும் மனநலத்திலும் முந்தினார்கள். இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள். நம் பாட்டிமார் ஆய்வு செய்யாமலே அறிந்த உண்மைதான் இது.

இன்னொரு செய்தி, கொஞ்சம் மனம் நோகலாம். இல்லத்துக்குப் பிறந்தநாள் விருந்து கொண்டுவருகிறவர்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் மூன்று பிரியாணி வரும். செவ்வாய்க்கிழமை சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும். அதுகூடப் பெரிதல்ல. பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, பாட்டுப் பாடச் சொல்லி, தட்டை நீட்டும்போது போட்டோ எடுப்பார்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒருநாள் என்னிடம், "பாதர், அந்தப் போட்டோ என் கிளாஸ் பிள்ளையளுக்குக் கிட்டிட்டு" என்று சொல்லி அழுதாள். அன்றிலிருந்து போட்டோ வேண்டாம் என்றேன். சில நன்கொடையாளர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். மேலிடத்தில் எனக்குத் திட்டும் விழுந்தது. ஆனாலும் அது நான் செய்த சரியான காரியங்களுள் ஒன்று.

இப்போது, சொல்லக் கூச்சப்படும் ஒன்றைச் சொல்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஓர் இளைஞன் என்னைத் தேடி இந்தப் பங்கு வீட்டுக்கு வந்தான். நான் பார்த்து வளர்ந்தவன். நல்ல வேலையில் இருக்கிறான். திருமணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டார் தாய் தகப்பன் யார் என்று கேட்டார்களாம். இரண்டு வயதில் ஒரு பெண்மணி அவனைக் கொண்டுவந்து விட்டாள். நானும் அவனும் சேர்ந்து பழைய இல்லத்துக்குப் போய் ஏட்டை எடுத்தோம். "தாய்: தெரியவில்லை. ஊர்: தெரியவில்லை" என்று எழுதியிருந்தது. கையெழுத்து என்னுடையது.

தெரியாமல் இல்லை, அன்பர்களே. அந்தப் பெண்மணி அன்று நெடுநேரம் பேசினாள். ஊர்ப் பெயர் சொன்னாள். தாயைப் பற்றி ஏதோ சொன்னாள். அன்று பள்ளிக் கட்டணம் கட்டக் கடைசி நாள். வாசலில் மளிகைக் கடைக்காரர் நின்றார். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டேன். அந்தப் "பிறகு" வரவே இல்லை. இன்று எவ்வளவு நினைத்தும் அந்த ஊர்ப் பெயர் என் நினைவுக்கு வரவில்லை.

அவன் என்மேல் கோபப்படவில்லை. "பாதர், நீங்க எனக்குச் சோறு போட்டு படிக்க வச்சீங்க. அத நான் மறக்கமாட்டேன். எனக்கு இந்தப் பேர வச்சது யாருன்னு மட்டும் தெரிஞ்சா போதும்" என்றான். அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அவன் திருமணத்தை நான்தான் மந்திரித்தேன். பதிவேட்டில் பெற்றோர் பெயர் எழுதும் இடம் வந்தபோது என் கை நின்றுவிட்டது.

பதினோரு ஆண்டுகள் நான் போட்ட சோறெல்லாம் செரித்துப்போயிற்று. நான் எழுதாமல் விட்ட ஒரு வரி மட்டும் இன்னும் நிற்கிறது. குழந்தை நலப் பணிக்குப் போக விரும்பும் இளைஞர்கள் இங்கே இருந்தால் அவர்களுக்குச் சொல்கிறேன். ஏடு எழுதுவது எழுத்தர் வேலை என்று எண்ணாதீர்கள். பிள்ளை தன்னைத் தேடி வரும் நாளில் அதுதான் அவனுக்குத் தாய் வீடு.

அப்படியானால் எல்லா இல்லத்தையும் பூட்டிவிடலாமா? கூடாது. அவசரமும் தவறுதான். கொரோனா ஆண்டாகிய 2020-ல், தமிழ்நாடு உட்பட எட்டு மாநிலங்களின் இல்லங்களிலுள்ள பிள்ளைகளை நூறு நாளுக்குள் வீடுகளுக்கு அனுப்பும்படி தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் எழுதியது. வருமானம் நின்று வீடுகளே தத்தளித்த காலம் அது. வீட்டுக்குப் போன பிள்ளைகளின் படிப்புக்கு மாதம் 2,000 ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அந்த டிசம்பரில் சொல்ல வேண்டியதாயிற்று. என் அனுபவத்திலும் ஒரு பிள்ளையை மாமன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மூன்று மாதம் போய்ப் பார்க்காமல் இருந்தேன். பிள்ளை கையில் சூட்டுத் தழும்போடு திரும்பி வந்தது. அனுப்பினால் மட்டும் போதாது. போய்ப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கொடுமையிலிருந்து தப்பி வரும் பிள்ளைக்கும், உண்மையிலேயே ஒருவரும் இல்லாத பிள்ளைக்கும் நல்ல இல்லம் வேண்டும். பதிவு பெற்ற இல்லங்கள் நம் மாவட்டத்தில் இருக்கின்றன. இன்னொன்றைக் கட்டினால், கட்டிய கட்டிடத்தை நிரப்பப் பிள்ளைகளைத் தேட வேண்டி வரும். அதுதான் என் அச்சம்.

விவிலியத்தில் மோசேயின் கதை உங்களுக்குத் தெரியும். நாணல் கூடையில் வைத்துத் தாய் அவனை ஆற்றில் விட்டாள். பார்வோன் மகள் எடுத்தாள். அவள் அரண்மனையில் இடமில்லையா? பணியாளர் இல்லையா? ஆனால் பிள்ளையின் அக்காள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்ப் பாலூட்ட ஒருத்தியை அழைத்து வரட்டுமா என்று கேட்டாள். அழைத்து வந்தது பெற்ற தாயை! பார்வோன் மகள் கூலியும் கொடுத்தாள். பிள்ளை தன் தாயின் மடியிலேயே பால் குடித்து வளர்ந்தான். குருமடத்தில் இந்தப் பகுதியைப் பலமுறை படித்திருக்கிறேன். இல்லத்துப் பொறுப்பாளன் ஆனபின்புதான் அந்தக் கூலியின் அருமை தெரிந்தது. பணம் உள்ளவள் பணத்தைத் தந்தாள். தாய் மடியைத் தந்தாள். அக்காள் கண் மூடாமல் காவல் நின்றாள். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் குழந்தை நலப் பணி.

அந்தக் கூலி இன்று அரசாங்கத்திலும் இருக்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில், கணவனை இழந்த, கைவிடப்பட்ட ஏழைத் தாயின் பிள்ளை வீட்டிலேயே வளர மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்கள் கேட்கலாம். நாகர்கோவிலில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுக் கொடுக்க வேண்டும். கொரோனாவில் தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைகளின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்பாகப் போடப்படும் என்று 2021-ல் மாநில அரசு அறிவித்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் அன்புக் கரங்கள் திட்டம் 2025-ல் தொடங்கியது. திட்டம் இருப்பது அண்டி ஆபீசில் இருட்டும்வரை தோடு உடைக்கும் தாய்க்குத் தெரியாது. தெரிந்தாலும் மனு எழுத, சான்றிதழ் வாங்க, நாகர்கோவிலுக்கு நாலு நடை நடக்க அவளுக்கு ஒருநாள் கூலி போகும். அங்கேதான் நாம் வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. அந்த 40 லட்சத்தை வங்கியில் வைப்பாகப் போடுவோம். ஆண்டுக்கு ஆறரை விழுக்காடு வட்டி என்று வைத்தாலும் 2,60,000 ரூபாய் வரும். மாதம் 2,000 ரூபாய் வீதம் பத்துக் குடும்பங்களுக்குக் கொடுத்தாலும் மீதி இருக்கும். முதல் அப்படியே நிற்கும். கட்டிடம் கட்டினால், திறப்பு விழாவின் மறுநாளே அரிசிக்கும் மின்சாரத்துக்கும் சம்பளத்துக்கும் கை நீட்ட வேண்டும். வின்சென்ட் தே பவுல் சபையார் வாரந்தோறும் ஏழை வீடுகளைச் சந்திக்கிறவர்கள். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை ஆபத்தில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். பணத்தோடு அவர்கள் கண்ணும் சேரட்டும். சாதி, சபை, மதம் பார்க்காமல் இந்த ஊர்ப் பிள்ளை என்று மட்டும் பார்ப்போம்.

இன்னும் இரண்டு சொல்லி முடிக்கிறேன். எங்காவது ஒரு பிள்ளை அடிபடுவதையோ வேலைக்கு வைக்கப்பட்டிருப்பதையோ தனித்து அலைவதையோ கண்டால் 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். 1996-ல் மும்பையில் தொடங்கி நாடெங்கும் பரவிய சேவை அது. "நமக்கெதுக்கு வம்பு" என்று ஒதுங்காதீர்கள்.

மற்றொன்று, மணமாகாத பெண் குழந்தை பெற்றாலோ, வளர்க்க முடியாத குழந்தை பிறந்தாலோ, காதும் காதும் வைத்தாற்போல் யாரிடமாவது கொடுத்துவிடும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. சிலர் என்னிடமே, "சாமி, ஒரு பிள்ளை கிடைக்குமா" என்று கேட்டதுண்டு. அது குற்றம். வளர்க்க முடியாத தாய்க்கு 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் இருக்கிறது. நலக்குழுவிடம் முறைப்படி ஒப்படைக்கும் வழியும் இருக்கிறது. ஒப்படைத்தபின் மனம் மாறினால் திரும்பப் பெற இரண்டு மாத அவகாசமும் சட்டம் தருகிறது. பிள்ளை இல்லாத தம்பதியர் அரசின் தத்து ஆணையத்தில் பதிவு செய்து காத்திருக்கட்டும். காத்திருப்பு நீளும். ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஓர் ஏடு இருக்கும். இருபத்தைந்து ஆண்டு கழித்து அது கேட்கும் கேள்விக்குப் பதில் இருக்கும்.

நம் முன்னோர் புனித சூசையப்பரைக் கைத்தாதை என்று அழைத்தார்கள். பெறாமல் கையில் ஏந்தி வளர்த்த தகப்பன். அவர் இல்லம் நடத்தவில்லை. தன் வீட்டில் ஓர் இடம் கொடுத்தார். நம்மில் சிலருக்கு அந்த அழைப்பும் இருக்கலாம். சட்டப்படி வளர்ப்புப் பெற்றோராகப் பிள்ளையை ஏற்கும் வழி இன்று உண்டு. வீட்டில் பேசிப் பாருங்கள்.

யூபிலிக்கு ஒரு கல்வெட்டு வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்பார்கள். கோயில் சுவரில் ஒன்று வைப்போம். ஆனால் பத்து வீடுகளில் பத்துப் பிள்ளைகள், சனிக்கிழமை மாலை எந்தக் கேட்டுப் பக்கத்திலும் நிற்காமல், தன் அம்மா இருட்டின பொறவு வரும்வரை திண்ணையில் இருந்து வீட்டுப்பாடம் எழுதுவார்களே, அவர்கள் பெயர் எந்தச் சுவரிலும் இருக்காது, இருக்கவும் கூடாது. அதைச் சம்மதித்துத் தருகிற பங்காக நம் பங்கு இருக்கட்டும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்குப்பின் பேரவை கூடுகிறது. உங்கள் கருத்தை அங்கே சொல்லுங்கள். என் கருத்துக்கு மாறாக இருந்தாலும் சொல்லுங்கள். இறைவன் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.